பதிவு யார் கையில்? விபத்து இழப்பீடும் டேஷ்கேம் சாட்சியமும்

2013 அக்டோபரில் தமிழ்நாட்டுச் சாலையொன்றில் ஒரு காரும் ஐச்சர் வேனும் மோதிக்கொண்டன. காரில் குடும்பத்தோடு சென்ற ஒருவர் இறந்துபோனார். போலீஸ் பதிந்த முதல் தகவல் அறிக்கை காரை ஓட்டியவர் மீதே குற்றம் சொன்னது. முன்னால் போய்க்கொண்டிருந்த வேன் சிக்னல் எதுவும் காட்டாமல் சட்டென்று வலப்பக்கம் திரும்பியதால்தான் மோதல் நேர்ந்தது என்று அதே காரில் இருந்த மனைவி சொன்னார். நேரில் பார்த்த இன்னொருவரும் அப்படியே சாட்சியம் அளித்தார். மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், சென்னை உயர் நீதிமன்றம் என்று படியேறிய இழப்பீட்டு வழக்கு 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. முதல் தகவல் அறிக்கையில் உள்ளதற்கு முரணாகத் தீர்ப்பாயத்தின் முன் சாட்சியம் பதிவாகியிருந்தால், அந்தச் சாட்சியத்துக்கே அதிக எடை தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. சரியான தீர்ப்பு. ஆனால் எட்டு ஆண்டுகள் நடந்த அந்த வழக்கின் நடுவில் இருந்த கேள்வி மிகச் சிறியது: திரும்பும்போது வேனின் இண்டிகேட்டர் எரிந்ததா இல்லையா? காரின் முன்கண்ணாடியில் ஒரு டேஷ்கேம் ஒட்டியிருந்தால் பதில் சில நொடிகளில் கிடைத்திருக்கும்.

இதிலிருந்து எல்லோரும் எளிதில் வந்து சேரும் முடிவு, வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கேமரா மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது. அந்த முடிவு பாதி வழியில் நின்றுவிடுகிறது. கேமரா காரில் இல்லாமல் வேனில் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முன்பக்கம் பார்க்கும் அந்தக் கேமராவில் வேனின் விளக்கு தெரியாது. ஆனால் மைக் இயங்கியிருந்தால், இண்டிகேட்டர் போட்டதும் டேஷ்போர்டுக்குள்ளிருந்து வரும் டிக் டிக் ஓசை பதிவாகியிருக்கும். போடாவிட்டால் அந்த ஓசை இருந்திருக்காது. விடை அங்கேயும் இருந்திருக்கும். அந்த விடை வேன் உரிமையாளரின் சட்டைப்பையில் விரல்நக அளவு மெமரி கார்டாகக் கிடந்திருக்கும். டேஷ்கேம் பதிவு நீதிமன்றத்தில் செல்லுமா என்ற கேள்வியை நம் சட்டம் பெருமளவு தீர்த்துவிட்டது. தீராமல் இருப்பது, அந்தப் பதிவு யாருடையது என்ற கேள்வி. விபத்து நடந்த நொடியிலிருந்து அது கேமரா வாங்கியவரின் தனிச்சொத்தாக இருக்கக் கூடாது, விபத்தில் சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் பொதுவான சான்றாகக் கருதப்பட வேண்டும் என்பது என் வாதம். அப்படிக் கருதாவிட்டால் டேஷ்கேம், வண்டி வைத்திருப்பவரும் அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனமும் தங்களுக்கு வேண்டியபோது மட்டும் பேசவைக்கும் சாட்சியாகவே இருக்கும்.

இப்போது தீர்ப்பாயத்தின் முன் வருபவை என்னென்ன என்று பார்த்தால் இதன் அவசரம் புரியும். முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, குற்றப்பத்திரிகை. இவற்றில் பெரும்பாலானவை விபத்தின் பின்விளைவைச் சொல்பவை. மோதலுக்கு முந்தைய ஐந்து நொடிகளைச் சொல்பவை அல்ல. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கும்போது ஸ்டேஷனுக்கு முதலில் போய்ச் சேர்பவர் எதிர்த்தரப்பு ஓட்டுநராக இருக்க முடியும். போக்குவரத்தைச் சரிசெய்ய வண்டிகளை ஓரங்கட்டிய பிறகு வரையப்படும் வரைபடத்தில், வண்டிகள் கிடந்த இடம் யாரோ காட்டிய இடம்தான். எஞ்சியிருப்பது கண்ணால் கண்டவரின் நினைவு. அந்த நினைவு எவ்வளவு வளையக்கூடியது என்பதை உளவியலாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இலேயே கார் மோதல் படங்களை வைத்தே காட்டினார்கள். ஒரே படத்தைப் பார்த்தவர்களிடம் கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்டால் 31.8 மைல் என்றார்கள். இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக, ‘நொறுங்கிய’ என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் சொன்னார்கள். ‘இடித்த’ என்று கேட்ட 50 பேரில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். நம் வழக்குகளில் சாட்சி கூண்டில் ஏறுவது ஒரு வாரம் கழித்து அல்ல, ஆண்டுகள் கழித்து. அதற்குள் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற ஸ்டேஷன் வாசகம் அவர் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும்!

இந்தப் பலவீனம் நீதிமன்றங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் இழப்பீட்டு வழக்கில், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று எடைபோட்டால் போதும் என்ற அளவுகோல் நிலைபெற்றது. தமிழ்நாட்டுப் பேருந்து ஒன்று உயரழுத்த மின்கம்பியில் பட்டுப் பலர் மின்சாரம் தாக்கி இறந்த வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1980-இல், அங்கொன்றும் இங்கொன்றுமான சந்தேகத்தைச் சொல்லி ஓட்டுநரும் உரிமையாளரும் தப்பிவிடக் கூடாது என்று எழுதியது இன்றும் தீர்ப்பாயங்களை வழிநடத்துகிறது. மின்னணுச் சாட்சியத்தின் பாதை இதைவிடக் கரடுமுரடானது. 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அன்வர் வழக்குத் தீர்ப்பு, அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவின் நகலை ஏற்க முடியாது என்றது. 2018-இல் வந்த ஒரு தீர்ப்பு அதைத் தளர்த்தியது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அன்வர் தீர்ப்பையே உறுதிசெய்தது. ஆனால் இரண்டு கதவுகளைத் திறந்தும் வைத்தது. மூலப் பதிவு இருக்கும் சாதனத்தின் உரிமையாளரே கூண்டில் ஏறி அதைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் வேண்டியதில்லை. பதிவு பிறர் கையில் இருந்து, கேட்டும் அவர் சான்றிதழ் தர மறுத்தால், நீதிமன்றத்தை அணுகி வரவழைக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 57ஆம் பிரிவு, முறையான பொறுப்பிலிருந்து வரும் மின்னணுப் பதிவை, யாரும் ஆட்சேபிக்காதவரை, முதன்மைச் சான்றாகவே கொள்ளச் சொல்கிறது. 63ஆம் பிரிவின் சான்றிதழ் இரண்டு பகுதிகளாகிவிட்டது: ஒன்றைத் தாக்கல் செய்பவரும் மற்றொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹாஷ் எண்ணைக் குறிப்பிட வேண்டும். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும் என்பதால், சரியான நேரத்தில் எடுக்கப்பட்ட ஹாஷ், கோப்பில் பிற்பாடு யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு உறுதியான சான்று. ஆக, கதவு திறந்தே இருக்கிறது. அதன் வழியாக யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து சென்றவர்கள். அந்த ஆண்டு எண்ணிக்கையில் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். அதாவது சாலையில் சாகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர், டேஷ்கேம் ஒட்டுவதற்கு ஒரு முன்கண்ணாடிகூட இல்லாதவர்கள். இடித்த வண்டியில் கேமரா இருக்கலாம். இடிபட்டவரிடம் இருப்பது அரிது. எந்தத் தரப்பு இழப்பீடு கேட்கிறதோ அதனிடம் பதிவு இல்லை. எந்தத் தரப்பு கொடுக்க வேண்டியிருக்கிறதோ அதனிடம் இருக்கிறது. டேஷ்கேமைப் பற்றிய விளம்பரங்களும் ஆலோசனைகளும் பெரும்பாலும் ‘உங்கள் மீது பொய்ப்புகார் வந்தால் உங்களைக் காக்கும்’ என்றே பேசுவது இந்த நிலையின் நேரடி வெளிப்பாடு. அதில் பொய்யில்லை. ஆனால் ஓட்டியவர் மீதே தவறு இருக்கும்போது அதே கேமரா என்ன செய்யும் என்பதை அவை பேசுவதில்லை.

கருவியின் வடிவமைப்பிலேயே இந்தச் சாய்வு இருப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். டேஷ்கேம் காட்சியை ஒன்று, மூன்று அல்லது ஐந்து நிமிடத் துண்டுகளாக எழுதிக்கொண்டே போகும். கார்டு நிறைந்ததும் மிகப் பழைய துண்டை அழித்துவிட்டு அதன் மேல் எழுதும். நொடிக்கு 15 மெகாபிட் வீதம் எழுதும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 6.75 ஜிபி எடுத்துக்கொள்ளும்; 32 ஜிபி கார்டு ஐந்து மணி நேர ஓட்டத்துக்குள் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் ஜி-சென்சார் இருக்கிறது: வண்டி திடீரென்று குலுங்கினால் அந்தத் துண்டு பூட்டப்பட்டுவிடும், அதன் மேல் எழுத முடியாது. ஆனால் சென்சார் அளப்பது தன் வண்டியின் குலுக்கலை மட்டுமே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 25 டன் லாரி, ஆளும் வண்டியுமாகச் சேர்த்து 250 கிலோ எடையுள்ள, நின்றுகொண்டிருக்கும் பைக்கை இடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உந்த அழியாமை விதிப்படி கணக்கிட்டால், இரண்டும் சேர்ந்து நகரும்போதும் லாரியின் வேகம் 59.4 கிலோமீட்டராகத்தான் குறையும். மாற்றம் மணிக்கு 0.6 கிலோமீட்டர். சாலைப் பள்ளத்தில் இறங்கி ஏறும் குலுக்கல் இதைவிடப் பெரிது. ஒரு மனிதன் சாகிறான். சென்சாருக்கு எதுவும் நடக்கவில்லை. ஓட்டுநர் உடனே பிரேக் போட்டால் பூட்டு விழக்கூடும். போடாமல் போனால், சரக்கை இறக்கும் ஊர் வருவதற்குள் அந்த நிமிடங்கள் அழிந்துவிடும், யாரும் அழிக்காமலே. நம் நடைமுறையின் கடிகாரம் இதற்கு ஈடுகொடுப்பதில்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், இடைக்கால அறிக்கையை 50 நாளிலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் தர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவோ, ஆய்வுக்கு எடுத்துச்சென்ற வண்டியை 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. வண்டியோடு கார்டும் திரும்பிப் போய்விடுகிறது.

பதிவு அழியாமல் தப்பினாலும் அடுத்த ஆபத்து, அதில் எந்தப் பகுதி வெளியே வருகிறது என்பதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பத்து நொடித் துண்டு, கோப்பு அல்ல. அனுப்பும்போதே அது சுருக்கப்படுகிறது, நேரக் குறிப்புகள் உதிர்கின்றன, ஹாஷ் மாறிவிடுகிறது. அதைவிட முக்கியம், வேகத்தைக் கணிக்க நீளமான பதிவு தேவை என்பது. நொடிக்கு 30 பிரேம் எடுக்கும் கேமராவில், சாலையோரத்தில் டேப் வைத்து அளந்த 20 மீட்டர் தூரத்தை வண்டி 30 பிரேமில் கடந்தால் வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர். வண்டி எந்தப் பிரேமில் கோட்டைத் தொட்டது என்பதில் இரு முனையிலும் ஒவ்வொரு பிரேம் பிசகினால் விடை 67.5-இலிருந்து 77 வரை எங்கும் இருக்கலாம். அதே வண்டியை 100 மீட்டர் தூரத்துக்கு, 150 பிரேமுக்கு, அளந்தால் அதே பிசகு 71-க்கும் 73-க்கும் இடையில் அடங்கிவிடும். மோதலுக்கு முந்தைய இரண்டு நொடியை மட்டும் வெட்டிக் கொடுப்பவர், வேகத்தை நிறுவும் வாய்ப்பையே வெட்டிவிடுகிறார். லென்ஸின் அகலக் கோணமும் கணக்கில் வர வேண்டும். 140 பாகை, 170 பாகை லென்ஸ்கள் எதிரே வருவதைச் சிறிதாகவும் தொலைவாகவும் காட்டும். ‘அவ்வளவு தூரத்தில் இருந்தபோதே ஏன் பிரேக் போடவில்லை?’ என்று ஓட்டுநரைக் கேட்பதும், ‘திடீரென்று குறுக்கே பாய்ந்தார்’ என்று நடந்து வந்தவரைச் சொல்வதும் லென்ஸ் உண்டாக்கிய தோற்றமாக இருக்கக்கூடும்.

பதிவு தானே பேசும் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டு ஸ்காட் எதிர் ஹாரிஸ் வழக்கு நல்ல பாடம். வேகமாகத் தப்பியோடிய காரைப் போலீஸ் கார் பின்னாலிருந்து இடித்துத் தள்ளியது. ஓட்டிய 19 வயது இளைஞருக்குக் கை கால் செயலிழந்தது. போலீஸ் காரின் கேமராப் பதிவைப் பார்த்த எட்டு நீதிபதிகள், துரத்தப்பட்டவர் பொதுமக்களின் உயிருக்கு எத்தகைய ஆபத்தாக இருந்தார் என்பது படத்திலேயே தெளிவு, ஜூரி விசாரணைக்கு இடமில்லை என்றார்கள். அதே பதிவைப் பார்த்த நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ் மட்டும் வேறாகக் கண்டார். பிற்பாடு ஆய்வாளர் டான் கஹனும் அவரோடு இன்னும் இருவரும் அந்தப் பதிவை 1,350 அமெரிக்கர்களுக்குப் போட்டுக் காட்டி, முடிவுகளை 2009-இல் வெளியிட்டார்கள். பெரும்பான்மை நீதிமன்றத்தோடு ஒத்துப்போனது. ஆனால் பார்ப்பவரின் சமூகப் பின்னணி, அரசியல் சார்பு ஆகியவற்றைப் பொறுத்துக் கணிசமானோர் எதிர்முடிவுக்கு வந்தார்கள். காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டினால், செய்தவர் வேண்டுமென்றே செய்தார் என்று எண்ணுவோர் கூடுகிறார்கள் என்பதை 2016-இல் வேறொரு ஆய்வு காட்டியது. இதையெல்லாம் சொல்லி டேஷ்கேம் பதிவை ஒதுக்கிவிட வேண்டும் என்பதல்ல என் கருத்து. வண்டி எந்தப் பக்கம் வந்தது, சிக்னல் என்ன நிறம், யார் முதலில் திரும்பினார் என்பதில் பதிவுக்கு நிகரான சாட்சி கிடையாது. கவனக்குறைவு இருந்ததா என்பது அதற்கடுத்த கேள்வி. அதை மனிதர்தான் முடிவுசெய்ய வேண்டும். அப்படி முடிவுசெய்ய முழுக் கோப்பு வேண்டும், அதுவும் இரு தரப்பு கையிலும் வேண்டும். ஒரு தரப்பு மட்டுமே நிறுத்தி, ஓட்டி, பெரிதாக்கிப் பார்த்துத் தயாராகி வந்த படத்தைக் கூண்டில் நிற்பவர் முதல்முறையாகப் பார்க்க நேர்ந்தால் அது விசாரணையே அல்ல.

இதற்குச் சட்டத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தன் கையிலுள்ள சான்றை ஒருவர் தாக்கல் செய்யாமல் மறைத்தால், அது வெளிவந்திருந்தால் அவருக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு ‘ஜி’ எடுத்துக்காட்டு, இப்போது புதிய சட்டத்தின் 119ஆம் பிரிவில் இருக்கிறது. நிரூபிக்கும் சுமை தன் மேல் இல்லை என்று சொல்லிக்கூட ஒருவர் முக்கியச் சான்றைப் பதுக்கிவைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1968-இலேயே சொல்லியிருக்கிறது. 2015-இல் தொமாசோ புரூனோ வழக்கில், வாரணாசி விடுதியின் சிசிடிவி பதிவைத் தாக்கல் செய்யாததை அரசுத் தரப்புக்கு எதிராகவே நீதிமன்றம் கொண்டது. மின்னணுச் சான்றை நிரூபிக்கும் முறை பற்றி அந்தத் தீர்ப்பு சொன்னது சரியல்ல என்று 2020-இல் விலக்கப்பட்டது உண்மை. ஆனால் மறைப்பவருக்கு எதிரான அனுமானம் சட்டத்தின் வாசகத்திலேயே இருப்பதால், அது அந்தத் தீர்ப்பை நம்பி நிற்கவில்லை. தீர்ப்பாயத்துக்கு அதிகாரமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 169ஆம் பிரிவு, ஆவணங்களையும் பொருள்களையும் வெளிப்படுத்தவும் தாக்கல் செய்யவும் கட்டாயப்படுத்தும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரங்களைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்திருக்கிறது. வண்டியில் கேமரா இருந்தது என்று காட்டிவிட்டால் போதும்: ஆய்வாளர் அறிக்கையில் ஒரு வரி, விபத்துப் புகைப்படத்தில் கண்ணாடியில் தெரியும் கறுப்புப் பெட்டி, அல்லது சொந்தச் சேதத்துக்கான கிளெய்மில் உரிமையாளரே இன்சூரன்ஸ் சர்வேயரிடம் கொடுத்த துண்டு. அதற்குப் பிறகு பதிவு எங்கே என்று விளக்க வேண்டியவர் உரிமையாளர்தான். தன் வாடிக்கையாளரிடம் ஒரு மேஜையில் பதிவை வாங்கிக்கொண்டு, அடுத்த மேஜையில் அப்படியொன்று இருப்பதே தெரியாததுபோல் எதிர்வாதம் போட இன்சூரன்ஸ் நிறுவனத்தை அனுமதிக்கலாகாது.

இந்த இடத்தில் மிக வலுவான ஆட்சேபணை எழும். ஓட்டுநர் மீது குற்ற வழக்கும் நிலுவையில் இருக்கும். அவரிடமிருந்தே பதிவைக் கேட்டுப் பெறுவது, தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அரசியல் சாசனத்தின் 20(3) உறுப்புக்கு விரோதமில்லையா? 1964-இல் சியாம்லால் சோக்ஸி வழக்கில், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லும் சம்மனைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு அனுப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இந்தப் பாதுகாப்பு விலைமதிப்பற்றது. விபத்து வழக்குக்காக அதைத் தேய்த்துவிடக் கூடாது. ஆனால் அதன் எல்லையும் தெளிவானது. போலீஸ் தானே சோதனையிட்டுப் பொருளைக் கைப்பற்றுவது, ஒருவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதாகாது என்று 1954-இல் எம்.பி. சர்மா வழக்கு சொன்னது. ‘சாட்சி சொல்வது’ என்பது தன் அறிவிலிருந்து ஒன்றைத் தெரிவிப்பது என்று 1961-இல் பதினொரு நீதிபதிகள் அமர்வு விளக்கியது. கேமரா பதிந்தது ஓட்டுநரின் வாக்குமூலம் அல்ல. அவர் வாய் திறக்காமலே, விபத்துக்கு முன்பே உருவான பதிவு அது. மேலும் லாரி, பேருந்து, வாடகைக் கார் போன்றவற்றில் கார்டின் சொந்தக்காரர் உரிமையாளர். அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் அல்ல. ஆக, கார்டைப் போலீஸ் மகஜர் போட்டுக் கைப்பற்றும் வழியே சரியான வழி. ஓட்டுநரை மிரட்டிக் கேட்கும் வழிக்கு இங்கே வேலை இல்லை.

அந்தரங்க உரிமையைக் காட்டி வரும் ஆட்சேபணைக்கு ஜெர்மனியில் நடந்த விவாதம் வெளிச்சம் தருகிறது. மாக்டெபுர்க் நகரில் அடுத்தடுத்து இடப்பக்கம் திரும்பும் இரண்டு தடங்களில் சென்ற கார்கள் உரசிக்கொண்டன. யார் தடம் மாறினார் என்பதை நிபுணராலும் சொல்ல முடியவில்லை. கீழ் நீதிமன்றங்கள் டேஷ்கேம் பதிவைப் பார்க்க மறுத்தன. கோரியதில் பாதித் தொகைதான் கிடைத்தது. 2018 மே 15 அன்று கார்ல்ஸ்ரூஹே நகரிலுள்ள ஜெர்மன் உச்ச நீதிமன்றம், சாலையை இடைவிடாமல் பதிவுசெய்வது தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் அந்த ஒரு காரணத்துக்காக உரிமையியல் வழக்கில் சான்றை ஒதுக்கிவிட முடியாது என்றது. தெருவில் எல்லார் கண்ணிலும் படும்படி நடந்த சம்பவம், விபத்து வழக்குகளுக்கே உரிய சாட்சியப் பஞ்சம் ஆகிய இரண்டையும் அது எடைபோட்டது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சட்ட உரிமையையோ கோரிக்கையையோ நிலைநாட்டத் தேவையான பயன்பாட்டுக்கு விலக்கு தருகிறது. அந்தரங்கத்தை மீறுவது, அடிபட்டுக் கிடப்பவரின் உடலைச் சமூக ஊடகத்தில் ஏற்றுவது. பதிவைத் தீர்ப்பாயத்துக்குப் பொதுவாக்கினால், தெருவுக்குப் பொதுவாக்க வேண்டிய தேவை குறையவே செய்யும்.

இப்படியெல்லாம் கடமை சுமத்தினால் மக்கள் கேமராவைக் கழற்றிவிடுவார்கள் என்பார்கள். சிலர் கழற்றலாம். ஆனால் தவறு செய்தபோது மறைக்கலாம் என்ற நம்பிக்கையில் மட்டுமே மாட்டப்பட்ட கேமராவால் சாலைக்கு என்ன நன்மை? எனக்குச் சிக்கலாகத் தோன்றும் ஆட்சேபணை வேறொன்று. இன்று ஏழை மனுதாரருக்குச் சாதகமாக இருப்பதே சான்றின் மங்கல்தான். பதிவு தெளிவாகிவிட்டால், தலைக்கவசம் இல்லாததும், வண்டியில் மூவர் இருந்ததும், தவறான பக்கம் வந்ததும் அம்பலமாகி, பங்குக் கவனக்குறைவு என்ற பெயரில் இழப்பீடு வெட்டப்படும் என்பது. இந்தப் பயம் நியாயமானது. அதற்கு விடை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, படத்தில் தெரியும் ஒவ்வொரு விதிமீறலும் விபத்துக்குக் காரணம் ஆகிவிடாது. பைக்கில் மூவர் சென்றது மட்டுமே பங்குக் கவனக்குறைவு ஆகாது, அதற்கும் மோதலுக்கும் அல்லது காயத்துக்கும் தொடர்பு காட்ட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவைப் பார்க்கும் தீர்ப்பாயம் பிடித்துக்கொள்ள வேண்டிய கயிறு அது. மற்றொன்று, கருணைக்கென்று சட்டத்தில் தனி இடம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி யார் மீது தவறு என்று வாதிடாமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கோரலாம். அந்தத் தொகை போதாது என்பதே என் எண்ணம். அதை உயர்த்தப் போராட வேண்டும். மங்கலான சான்று யாருக்கு உதவும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வேன் வழக்கில் அந்த மங்கல், இறந்தவரின் குடும்பத்தைத்தான் எட்டு ஆண்டுகள் அலையவைத்தது.

செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. விபத்து இடத்துக்கு வரும் அதிகாரி, சம்பந்தப்பட்ட வண்டிகளில் கேமரா இருக்கிறதா, கார்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்துப் பார்வை மகஜரில் எழுத வேண்டும். இருந்தால் கேமராவின் மின்சாரத்தைத் துண்டித்து, கார்டை எடுத்து உறையிட்டு முத்திரையிட வேண்டும். கேமரா காட்டும் நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் எத்தனை நிமிட வித்தியாசம் என்று அங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். கைப்பற்றுவதை ஒளிப்பதிவு செய்யப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவே சொல்கிறது. வண்டி 24 மணி நேரத்தில் திரும்பட்டும். அதற்குள் கார்டின் முழு நகலும் ஹாஷ் எண்ணும் எடுக்கப்பட்டு, நகல் விரிவான விபத்து அறிக்கையோடு தீர்ப்பாயத்துக்கும் இரு தரப்புக்கும் போக வேண்டும். நிபுணர் நிரப்ப வேண்டிய சான்றிதழ்ப் பகுதியை இந்தக் கட்டத்திலேயே அரசுச் செலவில் முடித்துவிட்டால், கணவனை இழந்த பெண் ஒரு கணினி நிபுணரைத் தேடிக் காசு செலவழிக்க வேண்டியிருக்காது. விபத்துத் தரவுகளைச் சேர்க்கச் சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் செயலியை நம் காவல் நிலையங்கள் ஏற்கெனவே பயன்படுத்துகின்றன. கேமரா பற்றிய இந்த விவரங்களும் அதில் ஏறட்டும்.

மிச்சமிருப்பது, விபத்தில் சம்பந்தமே இல்லாமல் பின்னால் வந்த மூன்றாவது வண்டி. 2022-இல் இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டிகளால் இறந்தவர்கள் 30,486 பேர். இவர்களுக்கு வேறெந்தச் சாட்சியும் இல்லாதபோது, அந்த வழியாகப் போன யாரோ ஒருவரின் கார்டில் நம்பர் பிளேட் பதிவாகியிருக்கலாம். அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு தரும் பாதுகாப்பை, பதிவைத் தானாக முன்வந்து கொடுப்பவருக்கும் வெளிப்படையாக விரிக்க வேண்டும்: கார்டின் நகலை எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தர வேண்டும், தேவையின்றி ஸ்டேஷனுக்கு அலையவிடக் கூடாது. இதில் பணயமாக இருப்பது என்ன என்பதற்கு ஒரு கணக்குப் போதும். மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்த, சுயதொழில் செய்த, மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள 30 வயதுக்காரர் அடையாளம் தெரியாத வண்டியால் இறந்தால், குடும்பத்துக்குக் கிடைப்பது அதே சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி 2 லட்சம் ரூபாய். வண்டி எதுவென்று தெரிந்து, தவறு அதன் மீது என்று நிலைநாட்டப்பட்டால், உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வகுத்த முறைப்படி ஆண்டு வருமானம் 1,80,000-இல் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்து, 17-ஆல் பெருக்க வேண்டும். வருமான இழப்புக்கு மட்டும் 28,56,000 ரூபாய்.